ஆல்டர் அக்காவும் ஆறு மில்லிமீட்டரும்

ஊசியை எடுத்துக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. மகளின் வலது தொடைமேல் டிரேசிங் பேப்பரை விரித்து, சிவந்திருந்த இடத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார் அக்கா. கழுத்தில் இன்ச் டேப். காதுக்குப் பின்னால் ஒரு சாக்கட்டி.

"ஆடாதடி. கோடு கோணிச்சுன்னா என் கை நடுங்குதுன்னு எழுதிடுவாங்க."

"நான் ஆடல. நீதான் கிச்சுகிச்சு மூட்டுற" என்றாள் எட்டு வயது மகள்.

வரைந்து முடித்ததும் தாளை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார். ஒரு சாஸர் அளவு வட்டம். மூலையில் தேதி, வலதா இடதா, எத்தனை மில்லி, எவ்வளவு நேரம் ஏறியது என்று எல்லாவற்றையும் பொடி எழுத்தில் குறித்தார். பிறகு, சட்டைக் காலரும் பேண்ட் பாக்கெட்டும் வெட்டுவதற்கான மாதிரித் தாள்கள் தொங்குகிற அதே ஆணியில் அதையும் மாட்டினார். மாதத்துக்கு ஒரு தாள். மூன்றரை வருடமாக இந்தப் பழக்கம் நடக்கிறது.

எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ஆல்டர் அக்கா. எழுபது வயதுக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். அவரைவிட ஒன்பது வயது மூத்தவளான நானும் அப்படித்தான். மூன்றாவது மாடியில், வீட்டின் முன்னறைதான் கடை. புதுத்துணி தைக்கமாட்டார். "புதுசு தைக்க ஆயிரம் பேர் இருக்காங்க. தப்பாத் தச்சதச் சரி பண்ணத்தான் ஆளில்ல" என்பார். மாடிப்படியில் எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தோள் தையலைப் பார்க்கிற கண் அவருக்கு. போன வருடம் ஓர் இரங்கல் கூட்டத்துக்குக் கிளம்பிய என்னைப் பாதிப்படியில் மடக்கி, "இந்த ஜாக்கெட் கையோட போகாதீங்க, செத்தவர் எழுந்து உக்காந்து சிரிப்பார்" என்று சொல்லி, நின்ற நிலையிலேயே இரண்டு தையல் போட்டுத்தான் விட்டார்.

மகளுக்கு வீட்டில் ஜட்ஜம்மா என்று பெயர். உலகத்தில் எதைப் பற்றியும் அவளிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். எதிர்வீட்டு ஆன்ட்டி கதவைச் சாத்துகிற விதம் தப்பு. என் மூக்குக்கண்ணாடி எனக்குப் பொருந்தவில்லை. பள்ளிக்கூட மணி ஒரு நிமிடம் தாமதமாக அடிக்கிறது. இப்படிப் போகும்.

அந்தக் குழந்தையின் உடம்பு, நோயை எதிர்க்கும் புரதத்தைத் தானாகச் செய்துகொள்வதில்லை. பிறவியிலேயே அப்படி. நமக்கு இரண்டு நாள் மூக்கொழுகிவிட்டுப் போகிற சளி, அவளை நெஞ்சுவரை பிடித்து மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து அந்தப் புரதத்தை மட்டும் பிரித்தெடுத்துக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துத் தருகிறார்கள். இம்யூனோகுளோபுலின் என்று பெயர். அக்கா வாயில் அது "குளோபு". சனிக்கிழமை தோறும் காலையில், வீட்டிலேயே, இரண்டு தொடையிலும் தோலுக்கடியில் சின்ன ஊசி குத்தி, பென்சில் டப்பா அளவு பம்ப் ஒன்றின் வழியாக மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். ஏற்றியது ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும். அடுத்த சனிக்கிழமை மறுபடியும். ஆயுசு முழுக்க இப்படித்தான்.

ஏற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஏற்றிய பிறகு வருவதைச் சமாளிப்பதுதான் பாடு. குத்திய இடத்தில் வீக்கம், சிவப்பு, அரிப்பு. சில வாரங்களில் தலைவலி. மறுநாள் ஒரு சோர்வு. இவற்றைக் குறைக்க அக்கா வெள்ளிக்கிழமையே வேலையை ஆரம்பித்துவிடுவார். உடம்பில் நீர் நிறைய இருந்தால் தலைவலி குறையும் என்பதால், மகளுடைய தண்ணீர் பாட்டிலில் மூன்று இடத்தில் கலர் நூல் கட்டியிருக்கும். பள்ளி விடுவதற்குள் சிவப்பு நூல், விளையாடப் போவதற்குள் பச்சை, படுப்பதற்குள் மஞ்சள். மஞ்சள் நூலுக்கு மேலே தண்ணீர் நின்றால் அன்றைக்குக் கதை கிடையாது.

சனிக்கிழமை விடிந்ததும் புட்டிகளை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைப்பார். குளிர் முழுக்க இறங்க வேண்டும். சில்லென்று ஏற்றினால் வலிக்கும். குலுக்கினால் நுரைத்துவிடும். ஆகவே அந்த ஒன்றரை மணி நேரம் தையல் மெஷின் ஓடாது. சுவர் தாண்டி மேசை அதிருமாம். இது டாக்டர் சொன்னதில்லை, அக்கா போட்ட சட்டம். அதேபோல அவரே கண்டுபிடித்த ஒரு கால்சட்டை உண்டு. இரண்டு தொடையிலும் ஜன்னல் மாதிரி ஒரு மடிப்பு. பொத்தானைக் கழற்றினால் திறக்கும். இடுப்பிலும் காலிலும் எலாஸ்டிக் கிடையாது, வீங்கிய இடத்தில் அழுத்தும் என்பதால். அதில் ஒன்றுக்கு ஜட்ஜம்மா நட்சத்திரப் பொத்தான் வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அக்காவின் வீட்டுக்காரர் குளிர்சாதன லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் நாலு நாள் சாலையில்தான் குடித்தனம். போனில் அவர் கேட்கிற முதல் கேள்வி, "ஃப்ரிட்ஜ் எத்தனை டிகிரில இருக்கு?" என்பதுதான். மனைவி மகளெல்லாம் அப்புறம். "நாலு. நானும் நாலு, உங்க பொண்ணும் நாலு. எல்லாரும் கெட்டுப்போகாம இருக்கோம், வண்டியப் பாத்து ஓட்டுங்க" என்று அக்கா பதில் சொல்வார்.

இந்த ஏற்பாடு வருவதற்கு முன்னால் மாதம் ஒருமுறை மருத்துவமனையில், கை நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். ஒரே நாளில் மாதம் முழுதுக்குமான மருந்து. ஏறும்போதே குளிர் நடுக்கம். வீட்டுக்கு வந்தால் இரண்டு நாள் மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி. வெளிச்சம் பட்டால் அலறுவாள். நாலு வயதுக் குழந்தை போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு, "லைட்ட அணைங்கம்மா" என்று அழுதுகொண்டே இருந்ததை நான் கீழ்வீட்டிலிருந்து கேட்டிருக்கிறேன். விளக்கு எரியவே இல்லை அப்போது. போதாததற்கு, ஒருமுறை அதே வார்டில் பக்கத்துக் கட்டிலிலிருந்து தொற்றிய காய்ச்சலில் பதினோரு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். நோயைத் தடுக்கிற மருந்துக்குப் போன இடத்தில் நோயை வாங்கிக்கொண்டு வந்தாள். அதன் பிறகுதான் வீட்டில் ஏற்ற அனுமதித்தார்கள். சனிக்கிழமை காலை தொடை லேசாகச் சிவக்கும், மாலைக்குள் அடங்கும், ஞாயிற்றுக்கிழமை சைக்கிள். மூன்று வருடம் அப்படித்தான் போயிற்று.

ஐந்து மாதமாகத்தான் கோணல். பொத்தான் அளவில் இருந்த சிவப்பு உள்ளங்கை அளவு ஆயிற்று. பாதி எலுமிச்சம்பழத்தைத் தோலுக்கடியில் கவிழ்த்து வைத்ததுபோல வீக்கம். செவ்வாய்க்கிழமை ஆனாலும் அமுங்காது. அரிப்பில் தூக்கத்தில் சொறிந்து சொறிந்து தோலைக் கிழித்துக்கொண்டாள்.

மருந்தும் பம்பும் ஊசியும் அனுப்புகிற நிறுவனத்திலிருந்து மாதம் ஒருமுறை ஒரு நர்ஸ் போனில் விசாரிப்பார். இரண்டு முறை நான் பக்கத்தில் இருந்தேன். ஸ்பீக்கரில் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"வீக்கம் இருக்காம்மா?"

"இருக்கு."

"லேசா, நடுத்தரமா, அதிகமா?"

"என் உள்ளங்கை அளவு."

"அப்படி ஒரு கட்டம் இல்லம்மா. லேசா, நடுத்தரமா, அதிகமா?"

"மூணு நாளாகியும் அமுங்கல. கால இழுத்து இழுத்து நடக்கிறான்னு டீச்சர் கூப்பிட்டுச் சொல்றாங்க."

"ஆஸ்பத்திரில சேர்த்தீங்களா?"

"இல்ல."

"அப்போ லேசு. இது எதிர்பார்க்கிறதுதான்மா."

எனக்கு ரத்தம் கொதித்தது. யார் எதிர்பார்க்கிறார்கள்? நாற்காலியில் சாய்ந்துகொண்டு கட்டத்தில் டிக் அடிக்கிறவர் எதிர்பார்ப்பார். நொண்டுகிறவளா எதிர்பார்த்தாள்? தலைவலியும் வயிற்றுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்? எங்கள் கட்டடத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது. "வாரத்துக்கு ஒரு ஊசிதானே, இதுக்குப் போயி இவ்வளவு ஆர்ப்பாட்டமா" என்று லிஃப்டில் ஒருவர் என்னிடமே கேட்டார். உங்கள் தொடையை இந்தப் பக்கம் நீட்டுங்கள், பேசலாம் என்றேன். அன்றிலிருந்து அவர் படியில் போகிறார்.

அக்கா விடாமல் புகார் செய்ததில், ஒருநாள் நிறுவனத்திலிருந்து இன்னொரு நர்ஸ் நேரில் வந்தார். மொத்தம் பன்னிரண்டு நிமிடம். அதில் அவர் குழந்தையின் தொடையைத் தொட்டுப் பார்க்கவில்லை. முன்னறையைப் பார்த்தார். தரையில் நூல், மேசையில் கத்தரி, மெஷின் பக்கத்தில் குண்டூசி டப்பா. ஊசி போடுவதோ உள்ளறையில், துடைத்து வைத்த தனி மேசையில். அதை அக்கா திறந்து காட்டியபோது நர்ஸ் ஏற்கெனவே எழுதத் தொடங்கியிருந்தார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டாயிற்று. பத்தாம் நாள் கிளினிக்கிலிருந்து கடிதம் வந்தது. வீட்டுச் சூழலும் பராமரிப்பவரின் செய்முறையும் திருப்தியாக இல்லை. அடுத்த மாதம் முதல் மருத்துவமனையிலேயே நரம்பு வழியாக மருந்து ஏற்ற உத்தேசம். முடிவு செய்யுமுன், மருந்தோடு நேரில் வந்து டாக்டர் முன்னிலையில் ஏற்றிக் காட்டவும்.

அக்கா அதை என்னிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னார். உள்ளறையிலிருந்து ஜட்ஜம்மா கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. வெளியே வந்து, "அந்தத் தலைவலி எனக்கு வேணாம்" என்று மட்டும் சொன்னாள். தீர்ப்பு மாதிரி இல்லை. கெஞ்சல் மாதிரி இருந்தது. அவள் கெஞ்சி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பழி சுமத்துகிறார்கள் என்பதற்காக அக்கா தன் பக்கத்தைப் பார்க்காமல் இருந்துவிடவில்லை. பம்பின் வேகத்தைக் குறைத்தார். ஒன்றேகால் மணி நேரம் இரண்டு மணி நேரமானது. ஜட்ஜம்மாவுக்குச் சனிக்கிழமை விளையாட்டு போனது, வீக்கம் போகவில்லை. வயிற்றில் குத்தலாமா என்று கேட்டார். "வயிறு என் பர்சனல்" என்று பதில் வந்தது. பிறகு ஒரு தப்பைக் கண்டுபிடித்தார். குத்துவதற்கு முன்னால் குழாயில் மருந்தை நிரப்பும்போது, ஊசி முனையில் ஒரு சொட்டு தெரிகிறவரை தள்ளும்படி முதலில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அந்தச் சொட்டு தோலில் பட்டுக்கொண்டே உள்ளே போவதால்தான் அரிப்பு. இப்போது முனைக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நிறுத்தி, காய்ந்த ஊசியாகக் குத்தினார். அரிப்பு பாதியானது. "மூணு வருஷமா நனைஞ்ச ஊசி குத்தியிருக்கேன், சொல்லிக் குடுத்தவங்களும் சொல்லல" என்று புலம்பினார். ஆனால் வீக்கம் அப்படியே இருந்தது.

கிளினிக் போவதற்கு நாலு நாள் முன்பு, இரண்டாம் மாடிப் பெண் தன் மகளின் பள்ளி ஸ்கர்ட்டைக் கொண்டுவந்தாள். "போன வருஷம்தான்க்கா வாங்கினேன், அதுக்குள்ள முட்டிக்கு மேல ஏறிடுச்சு." அக்கா கீழ்மடிப்பைப் பிரித்தார். வளர்கிற பிள்ளைகளின் துணி எது கைக்கு வந்தாலும் மூன்று விரல் துணியை உள்ளே விட்டு மடித்துத் தைத்துவிடுவது அவர் வழக்கம். அடுத்த வருடம் பிரித்துவிட்டால் போதும். பாதி பிரித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். ஸ்கர்ட்டை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய், அலமாரியிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்துவந்தார். ஒன்று இந்த மாதம் வந்த ஊசிப் பெட்டி. மற்றது முதன்முதலில் வந்தது. அதில் இப்போது பொத்தான் போட்டு வைத்திருக்கிறார்.

"இதுல என்ன போட்டிருக்கு, படிங்க."

"ஆறு மில்லிமீட்டர்."

"இதுல?"

"அதேதான். ஆறு."

ஜட்ஜம்மாவைக் கூப்பிட்டார். துணியின் கனம் பார்ப்பதுபோல அவள் தொடைத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"குச்சியா இருந்தப்போ எழுதிக் குடுத்த ஊசி இது. இப்போ சதை போட்டிருக்கா. ஆறு மில்லி தோலத் தாண்டி இறங்கவே இல்ல, மருந்து மேலாப்புலயே தேங்குது. மெல்லிசுத் துணிக்குப் போடற ஊசிய ஜீன்ஸுக்குப் போட்டா ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா? ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் மூணு விரல் விட்டு மடிக்கிறேனே. எம்புள்ளைக்கு மட்டும் ஏன் எனக்குத் தோணல?"

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

"உசுரோட இருந்தாப் போதும்னு இருந்துட்டேன். வளருவான்னு நான் நெனைக்கவே இல்ல."

அதைச் சொல்லிவிட்டு மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஜட்ஜம்மா மட்டும், "என் ஹேர்பேண்ட் உடையுது" என்றாள்.

அழுது முடித்த பிறகு எனக்கு வந்ததோ கோபம்தான். அக்கா தாய், பயத்தில் மறந்தார். மற்றவர்களுக்கு என்ன வந்தது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் அந்தக் குழந்தையை எடை மிஷினில் நிறுத்துகிறார்கள். எடை கூடியிருக்கிறதென்று இரண்டு முறை மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். அதிக மருந்து, பெரிய தொடை, அதே குட்டை ஊசி. கூட்டத் தெரிந்த கைக்கு அளக்கத் தெரியாதா? மறுநாள் அக்கா நிறுவனத்துக்குப் போன் போட்டு நீள ஊசி கேட்டார். டாக்டர் எழுத வேண்டும் என்றார்கள். கிளினிக்குக்குப் போட்டார். நிறுவனத்து நர்ஸ் பரிந்துரைக்க வேண்டும் என்றார்கள். இந்தப் பந்தாட்டத்தில் அன்றைய பகல் முழுதும் போயிற்று. கடைசியில் ரிசீவரில் வந்த இசையோடு சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டார் அக்கா.

கிளினிக்குக்கு என்னையும் அழைத்துப் போனார். "நான் கத்த ஆரம்பிச்சா கையப் புடிச்சு இழுங்க" என்று உத்தரவு. நான் கத்தினால் யார் இழுப்பது என்று கேட்டேன். "அப்ப கத்தட்டும்னு விட்டுருவேன்" என்றார்.

அறையில் இரண்டு டாக்டர்கள். கையில் டேப்லெட்டோடு ஓர் இளைஞர். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்த மூத்த பெண் டாக்டர் ஒருவர். அக்கா கை கழுவினார். புட்டி மூடியைத் துடைத்தார். மருந்தை நுரையில்லாமல் உறிஞ்சினார். இளைஞர் ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு டிக் போட்டார். ஊசியை எடுக்கப் போகும் நேரத்தில் அக்கா நிறுத்தினார்.

"டாக்டர், குத்துறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடுங்க."

பையிலிருந்து டிரேசிங் தாள்களை எடுத்தார். நாற்பத்திரண்டு தாள். சுவரில் எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பெட்டி இருந்தது. கேட்காமலே சுவிட்சைப் போட்டு, தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அதில் செருகினார். வெளிச்சத்தில் எல்லா வட்டமும் சேர்ந்து தெரிந்தன. நடுவில் பொத்தான் பொத்தானாக முதல் மூன்று வருடம். அப்புறம் கடைசி ஐந்து மட்டும், ஒன்றைவிட ஒன்று பெரிதாகத் தாளின் ஓரத்தை நோக்கிப் போயிருந்தன.

இளைஞர், "இதெல்லாம் நாங்க ஏத்துக்கிற ரெக்கார்ட் இல்ல" என்று ஆரம்பித்தார். மூத்தவர் கண்ணாடியைத் தலையிலிருந்து கண்ணுக்கு இறக்கினார்.

"ஊசி எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டார்.

"ஆறு. நாலரை வயசுலேர்ந்து ஆறு. கைய வச்சுப் பாருங்க டாக்டர். இதுவரைக்கும் யாருமே கைய வச்சுப் பாக்கல."

மூத்தவர் குனிந்து தொடையைக் கிள்ளிப் பார்த்தார். "வலிக்குதா பாப்பா?" என்று கேட்டபோது அவர் பார்வை தாயின் மேல் இருந்தது.

"கால் என்னோடது. என்னப் பாத்துக் கேளுங்க" என்றாள் ஜட்ஜம்மா.

டாக்டர் அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் தீர்ப்பு சொன்னாள்: "ஒரு கால்ல பழைய ஊசி போடுங்க. ஒரு கால்ல பெருசு போடுங்க. எது சரின்னு நான் சொல்றேன்."

கிளினிக் அலமாரியிலேயே ஒன்பது மில்லிமீட்டர் ஊசி ஒரு பெட்டி இருந்தது. இத்தனை மாதமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. இடது தொடையில் ஆறு, வலதில் ஒன்பது. காய்ந்த ஊசி, மெதுவான ஆரம்பம், பிறகு பழைய ஒன்றேகால் மணி நேர வேகம். அவ்வளவு நேரமும் அக்கா நாற்காலியில் உட்காரவில்லை. எடுத்துக் கால் மணி கழித்து, மூன்று பேருக்கும் முன்னால் தாளை விரித்து வரைந்தார். இடதில் சாஸர். வலதில் ஒரு கோட் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது.

"பெருசுதான் சின்னது" என்றாள் ஜட்ஜம்மா. வலது காலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள்.

மூத்த டாக்டர் சிரித்துவிட்டார். மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டிய அவசியம் இல்லை, வீட்டிலேயே ஏற்றலாம், ஊசி அளவு ஒன்பது என்று சொன்னார். அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் வீட்டுக்காரருக்குப் போன் போட நான் கைப்பையைத் துழாவினேன்.

இளைஞர் டேப்லெட்டில் ஏதோ தட்ட, பக்கத்து மிஷினிலிருந்து ஒரு தாள் வந்தது. ஊசி மாற்றத்துக்கான படிவம். மூத்தவர் கையெழுத்துப் போட்டால் நிறுவனத்துக்குப் போய்விடும். அக்கா அதை வாங்கி, துணியில் அழுக்குப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன? மாற்றத்துக்கான காரணம்: பராமரிப்பவரின் செய்முறைக் குறைபாடு."

"அது சும்மா ஃபார்மாலிட்டிம்மா" என்றார் இளைஞர். "சிஸ்டத்துல ஏதாவது ஒரு காரணம் தேர்ந்தெடுத்தாத்தான் மேல போகும். இருக்கிறதுல இதுதான் கிட்ட வருது."

"கிட்ட வருதா?"

"உங்களுக்குத் தேவை ஊசி. அது கிடைச்சிடுச்சு இல்ல?"

திட்டு என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா கையை நீட்டி என்னைத் தடுத்தார். கத்தவில்லை. இளைஞரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை அவரே எடுத்தார். தாளை மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவிச் சமமாக்கினார். அந்த வரியை, ஸ்கேல் இல்லாமலே, ஒரே இழுப்பில் நேர்கோடாக அடித்தார். அதற்கு மேலே இருந்த காலி இடத்தில், தாள்களின் மூலையில் எழுதுகிற அதே பொடி எழுத்தில் எழுதினார்: பிள்ளை வளர்ந்துவிட்டாள்.

தாளை மூத்த டாக்டர் பக்கம் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு விரலை ஊன்றிக்கொண்டு, பேனாவை மூடாமல் அவரிடம் நீட்டினார்.